மூன்று முறை தட்டப்பட்ட கதவு

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் கடந்தால் திண்டிவனம் வரும். மேலும் 40 கிலோமீட்டர் அளவில் விழுப்புரம். முன்னது சாலைகள் கூடும் ஊர். பின்னது இருப்புப்பாதைகள் கூடும் ஊர். பயணம் செல்வோரில் பெரும்பாலோர் இவ்விரண்டையும் வழியில் கடந்து போகும் ஊர்களாகவே அறிவர். ஆயினும் நம் பிள்ளைகளின் கல்வி வரலாற்றை, சிறப்பாக மாணவர் உதவித்தொகையின் வரலாற்றை எண்ணிப் பார்க்கப் புகுவோர், திண்டிவனத்தில் சற்றே இறங்கி நிற்கத்தான் வேண்டும். ஏனெனில், 1890களின் தொடக்கத்தில் ஓர் இரவு, அவ்வூரில் ஒரு வீட்டின் கதவு மூன்று முறை தட்டப்பட்டது.

அவ்வீடு அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் என்பாருடையது. அவருடைய மகள் ஐடா, நோயுற்றிருந்த தாய்க்குத் துணையாக அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். இருபதைச் சற்றே கடந்த வயது. இந்நாட்டிலேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இல்லை. அன்றிரவு முதலில் ஓர் அந்தணர் வந்தார். பிள்ளைப்பேற்றில் துன்புறும் தம் இளம் மனைவியைக் காக்க வருமாறு ஐடாவை வேண்டினார். தாம் மருத்துவம் படித்தவரல்லர் என்றும், மருத்துவரான தம் தந்தை உடன் வருவார் என்றும் ஐடா கூறினார். அயல் ஆடவர் வந்து பார்ப்பதற்கு அவர் இசையவில்லை, திரும்பிச் சென்றார். அடுத்துக் கதவைத் தட்டியவர் ஒரு முஸ்லிம். அதே துன்பம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக வந்தவரும் ஓர் இந்து. அவரும் அவ்வாறே திரும்பினார். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி வந்தது.

அவ்விரவு ஐடாவின் வாழ்வையே மாற்றிற்று. அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899ஆம் ஆண்டு பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். நியூயார்க் நகரத்து வங்கியாளர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக வழங்கிய 10,000 டாலரைக் கொண்டு 1902இல் வேலூரில் மகளிர் மருத்துவமனை ஒன்றை எழுப்பினார். 1918இல் அங்கேயே பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுவே இன்று உலகம் அறிந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது.

இந்த வரலாற்றைச் சொல்வோர் பலர். ஆனால் அவ்விரவில் உயிர்நீத்த முஸ்லிம் பெண்ணின் பெயரைச் சொல்வோர் ஒருவரும் இல்லை. அவள் எந்தத் தெருவினள், எவர் மகள் என்பதெல்லாம் மறைந்துவிட்டன. அவளுடைய கணவரைக் குறை கூறிவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஆழ்ந்து நோக்கினால், அவர் கேட்டதில் பிழையொன்றும் இல்லை. பெண்ணுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்றார், அவ்வளவே. பிழை வேறிடத்தில் இருந்தது. பெண் மருத்துவரே வேண்டும் என்று கேட்கும் சமுதாயம், தன் பெண்மக்களில் சிலரையேனும் மருத்துவம் படிக்க அனுப்பியிருக்க வேண்டும் அல்லவா? கேட்பது நாமாகவும், படிப்பது பிறராகவும் இருந்தால் கதவு எங்ஙனம் திறக்கும்?

ஏட்டில் ஏறிய உதவி

அந்நாளில் நம்மவர் படிக்காமற் போனதற்கு வறுமையே காரணம் என்று சொல்லிவிடுவது வழக்கம். வறுமை இருந்தது உண்மை. ஆனால் உதவித்தொகை என்ற எண்ணமே பிறவாத காலம் அதுவன்று. முஸ்லிம்களின் கல்வி நிலை குறித்து மேயோ பிரபுவின் அரசாங்கம் 1871இலேயே தீர்மானம் ஒன்றை வெளியிட்டது. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக்குழு இன்னும் ஒருபடி மேலே சென்றது. தொடக்கப் பள்ளியில் தேறும் முஸ்லிம் மாணவனுக்கு நடுநிலைப் பள்ளியில் பயில ஓர் உதவித்தொகை. அங்கே தேறுபவனுக்கு உயர்நிலைப் பள்ளியில் பயில மற்றொன்று. மெட்ரிக்குலேஷன் தேறியவனுக்குக் கல்லூரியில் பயில வேறொன்று என, படிப்படியாக ஏறிச்செல்லும் ஏணியைப் போன்ற ஒரு திட்டத்தை அது பரிந்துரைத்தது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளில் முஸ்லிம் பிள்ளைகளுக்கெனக் கட்டணமில்லா இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் அது கூறிற்று.

ஆக, திண்டிவனத்துக் கதவு தட்டப்படுவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே, உதவித்தொகை என்னும் சொல் நம் பெயரோடு அரசாங்க ஏட்டில் ஏறிவிட்டது. ஏட்டில் ஏறியது வீட்டை எட்டவில்லை. இந்த இடைவெளியே நம் கல்வி வரலாற்றின் மையக் கேள்வி. உதவித்தொகை வெறும் பணமாக மட்டும் இருந்தால் அது பயன் தருவதில்லை. அதைப் பற்றிய செய்தி வீட்டை அடைய வேண்டும்; போய்ப் படிக்கும் தொலைவில் கல்விக்கூடம் இருக்க வேண்டும்; தொலைவாயின் தங்குமிடம் வேண்டும்; இவற்றுக்கெல்லாம் மேலாகப் பெற்றோரின் இசைவு வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் பணம் கருவூலத்திலேயே தங்கிவிடும்.

முன்னோர் கண்ட முறை

இவ்வுண்மையை நம் முன்னோர் அறியாதவரல்லர். ஃபெஸ் நகரில் 859ஆம் ஆண்டு ஃபாத்திமா அல்ஃபிஹ்ரீ என்னும் பெண்மணி தம் பூர்வீகச் செல்வத்தைக் கொண்டு நிறுவியதாகச் சொல்லப்படும் கரவிய்யீன் பள்ளிவாசல், பின்னாளில் பெரும் கல்விக்கூடமாக விளங்கிற்று. பதினோராம் நூற்றாண்டில் அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் நிறுவிய நிஜாமிய்யாவில் மாணவர்க்குப் பாடத்தோடு உறைவிடமும் உதவிப்பணமும் கிடைத்தன. கெய்ரோவின் அல்அஸ்ஹரில் நாட்டுக்கு நாடு, வட்டாரத்துக்கு வட்டாரம் மாணவர்கள் தங்குவதற்குத் தனித்தனி இருப்பிடங்கள் இருந்தன. இவற்றையெல்லாம் தாங்கி நின்றவை வக்ஃபு நிலங்களும் கடைகளுமே.

நம் நாட்டிலும் இம்முறை வழங்கியது. வேலூர் பாகியாத்துஸ் ஸாலிஹாத், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து லால்பேட்டையில் உள்ள மன்பவுல் அன்வார் போன்ற மத்ரஸாக்களுக்கு வெளியூர்களிலிருந்து வந்த மாணவர் பலர். ஊரார் முறைவைத்து மாணவர்க்கு உணவளித்த வழக்கத்தை நம் வீட்டு மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். அங்கே மாணவன் எவனும் விண்ணப்பத்தாள் தேடி அலையவில்லை. படிக்க வந்தவனுக்குப் பாயும் சோறும் உண்டு என்ற செய்தி ஊர்தோறும் பரவியிருந்தது. செய்தி, தங்குமிடம், வீட்டாரின் நம்பிக்கை ஆகிய அனைத்தும் அங்கே ஒன்றாய் இணைந்திருந்தன. இதே ஏற்பாட்டை உலகியல் கல்விக்கும் செய்திருந்தால் நம் நிலை எவ்வளவோ உயர்ந்திருக்கும்.

அதைச் செய்ய முனைந்தவர்களும் இருந்தார்கள். சர் சையத் அகமத் கான் 1886இல் தொடங்கிய முஸ்லிம் கல்வி மாநாடு 1901ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் கூடிற்று. அதன் விளைவாகத் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1902இல் உருவாயிற்று. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னர், 1951ஆம் ஆண்டில் அக்கல்விச் சங்கத்தின் முயற்சியால் சென்னையில் புதுக்கல்லூரியும், ஹாஜி எம். ஜமால் முகம்மது சாகிபு, ஹாஜி என்.எம். காஜாமியான் ராவுத்தர் ஆகியோரின் வள்ளன்மையால் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் தோன்றின. நீதிபதி பஷீர் அகமது சையீது அவர்களின் பெருமுயற்சியால் 1955இல் சென்னையில் பெண்களுக்கெனத் தனிக்கல்லூரி அமைந்தது. இப்பெருமக்களுக்கு நம் சமுதாயம் பட்டிருக்கும் நன்றிக்கடன் பெரிது.

தொலைவு என்னும் தடை

ஆயினும் விழுப்புரத்துப் பிள்ளைக்கும் திண்டிவனத்துப் பிள்ளைக்கும் இக்கல்லூரிகள் யாவும் தொலைவிலேயே இருந்தன. விழுப்புரம் சந்திப்பிலிருந்து எத்திசைக்கும் ரயில் உண்டு. வடக்கே சென்னை, தெற்கே திருச்சி, கிழக்கே கடற்கரையோரம் சிதம்பரம், மேற்கே காட்பாடி. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர்த் தென்னார்க்காட்டு மாணவர்க்கு அது பெருந்துணையாயிற்று. ஆனால் ரயில் உண்டு என்பதனாலேயே ஏழைப் பிள்ளை ஏறிவிட முடியுமா? கல்லூரிக் கட்டணத்தைக் காட்டிலும் விடுதிச் செலவே பெற்றோரை அஞ்ச வைத்தது. சிறு வாணிபம் செய்யும் தந்தை, கடையில் துணைக்கு நிற்கும் மகனை மூன்றாண்டு வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் கடையை எவ்வாறு நடத்துவார்? ஆண்பிள்ளைக்கே இந்நிலை என்றால் பெண்பிள்ளையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இந்தத் தடையை உடைத்தது இரண்டு அரசு ஆணைகள் எனலாம். 1968இல் விழுப்புரத்திலும் அதற்கடுத்த ஆண்டு திண்டிவனத்திலும் அரசு கலைக்கல்லூரிகள் திறக்கப்பட்டன. முன்னது இன்று அறிஞர் அண்ணாவின் பெயரையும், பின்னது அமைச்சராக இருந்த திரு. ஏ. கோவிந்தசாமி அவர்களின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. காலையில் வீட்டில் உண்டு, மதியச் சோற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, மாலையில் வீடு திரும்பும் தொலைவில் பட்டப்படிப்பு வந்தது. விடுதிச் செலவு என்ற மலை ஒரே நாளில் மறைந்தது. மாலையில் கடையில் நின்று தந்தைக்குத் துணை புரியவும் இயன்றது. எண்ணிப் பார்த்தால், ஊருக்கருகே எழும் ஓர் அரசுக் கல்லூரியைவிடப் பெரிய உதவித்தொகை வேறில்லை. அதற்கு விண்ணப்பம் வேண்டாம், பரிந்துரை வேண்டாம், அது ஆண்டுதோறும் வரும் மாணவர் அனைவர்க்கும் கிட்டும்.

பின்னர் வந்த வளர்ச்சி விரைவானது. 1993இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2008இல் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் தொடங்கின. 2010இல் விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2017இல் விழுப்புரத்தில் அரசு சட்டக்கல்லூரியும் வந்தது. ஐடா ஸ்கடர் கடல் கடந்து சென்று பெற்ற கல்வி, இன்று திண்டிவனத்துப் பெண்பிள்ளைக்குப் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவில் கிடைக்கிறது.

வந்தனவும் நின்றனவும்

இடம் அருகே வந்துவிட்டது. இடத்தைப் பெறும் உரிமையும் ஓரளவு வந்தது. 2007இல் தமிழக அரசு, பிற்படுத்தப்பட்டோருக்குரிய ஒதுக்கீட்டினுள் முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காட்டைத் தனியே பிரித்தளித்தது. இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள், தக்காணி முஸ்லிம்கள், ஷேக், சையத் முதலிய பிரிவினர் அதன் பயனைப் பெறுகின்றனர்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2006இல், நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை வெளிவந்தது. இருபது வயதும் அதற்கு மேலும் உள்ள இந்திய மக்களுள் பட்டமோ டிப்ளமோவோ பெற்றவர் ஏறத்தாழ 7 விழுக்காடு. முஸ்லிம்களுள் அது 4 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அவ்வறிக்கை காட்டிற்று. இதையொட்டிய ஆண்டுகளில் மத்திய அரசு சிறுபான்மை மாணவர்க்கெனப் பள்ளிப்படிப்புக்கும் மேற்படிப்புக்கும் தொழிற்கல்விக்கும் உதவித்தொகைகளை அறிவித்தது. அவற்றில் 30 விழுக்காடு மாணவியர்க்கென ஒதுக்கப்பட்டது. 2009இல், முனைவர் பட்ட ஆய்வு செய்வோர்க்காக, விடுதலை இந்தியாவின் முதற் கல்வி அமைச்சரான மௌலானா ஆசாதின் பெயரால் ஆய்வு உதவித்தொகை ஒன்றும் தொடங்கப்பெற்றது. 1882இல் ஹண்டர் குழு வரைந்து காட்டிய ஏணி, ஏறத்தாழ 125 ஆண்டுகளுக்குப் பின்னர் உச்சிப்படி வரை எழுந்து நின்றது எனலாம்.

ஆனால் ஏணியின் படிகள் என்றும் நிலைத்திருப்பன அல்ல. 2022ஆம் ஆண்டு, முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான சிறுபான்மை மாணவர் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. பிற திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது என்ற காரணம் கூறப்பட்டு, மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் அவ்வாண்டிலேயே முடிவுக்கு வந்தது. அடிப்படியும் உச்சிப்படியும் ஒரே ஆண்டில் எடுபட்டன. இது குறித்து உரிய இடத்தில் உரத்துக் கேட்பது நம் உரிமையும் கடமையும் ஆகும்.

அதே 2022ஆம் ஆண்டில் தமிழகத்தில் நடந்த மற்றொன்றையும் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஏழைப் பெண்களின் திருமணத்துக்கென மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தமிழக அரசு பல்லாண்டுகளாகப் பணமும் தாலிக்குப் பொன்னும் வழங்கி வந்தது. அத்திட்டம் அவ்வாண்டு உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவி, பட்டமோ பட்டயமோ தொழிற்பயிற்சியோ முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய் பெற அது வழிசெய்தது. ‘புதுமைப் பெண்’ என்று மக்கள் அறிந்த திட்டம் இதுவே. 2024இல் மாணவர்க்கும் இதுபோன்ற ஒன்று ‘தமிழ்ப் புதல்வன்’ என்ற பெயரில் தொடங்கிற்று.

மணமேடைக்குச் சென்ற பணம் கல்லூரி வாயிலுக்குத் திரும்பியது என்பதன் பொருளை நம் குடும்பங்கள் உணர வேண்டும். மகளின் நகைக்காகப் பதினைந்து ஆண்டு சீட்டுக் கட்டும் தந்தை, அவளுடைய படிப்புக்காக மூன்றாண்டுச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்ததுண்டா? அரசே தன் கணக்கை மாற்றி எழுதிவிட்டது. நம் வீட்டுக் கணக்கேட்டில் அந்தப் பக்கம் இன்னும் எழுதப்படாமல் இருக்கலாமா?

விண்ணப்பிப்போர் யார்?

வேலூர் மருத்துவப் பள்ளி தொடங்கிய 1918ஆம் ஆண்டை இங்கே மீண்டும் நினைவுகூர்தல் தகும். இந்தியப் பெண்கள் மருத்துவம் படிக்க முன்வருவார்களா என்று மாகாண மருத்துவ அதிகாரி ஐயுற்றார். ஆறு விண்ணப்பம் வந்தாலே பெரிது என்று அவர் கருதினார் என்பர். வந்தவை 151 விண்ணப்பங்கள். முதல் அணியினருள் 14 பேர் 1922இல் தேர்ச்சி பெற்று வெளிவந்தனர். படிக்கும் ஆவல் முன்பே இருந்தது. அதற்குரிய இடமும் செய்தியும் கிடைத்தவுடன் அது வெளிப்பட்டது. நம் பெண்மக்களுக்கும் ஆவல் இல்லை என்று சொல்வோர் இந்த எண்ணை மறவாதிருப்பாராக.

எனவே இன்று நம் கையில் உள்ள பணி, செய்தியை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதே. ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்ததும், உதவித்தொகைக்கான அறிவிப்புகளும் தொடர்ந்து வருகின்றன. முஸ்லிம் எனக் குறிப்பிடும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதலில் பட்டம் பயில்பவர் என்னும் சான்று, மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவற்றை முன்னரே ஆயத்தமாக வைத்திருப்போர் பயன் பெறுகின்றனர். கடைசி நாளில் சான்றுக்கு ஓடுவோர் இழக்கின்றனர். தொழிற்கல்வி பயிலும் முதற்பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010 முதல் உண்டு. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 2020இலும், பொறியியல் முதலிய தொழிற்கல்விகளில் 2021இலும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு வழங்கப்பட்டது. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இவற்றை அறிந்து பள்ளியைத் தேர்ந்தெடுக்கின்றனர்? திட்டங்கள் ஆண்டுக்காண்டு மாறுவன. ஆகையால் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் ஆண்டுதோறும் கேட்டுத் தெளிவதே முறை.

இதை ஒவ்வொரு குடும்பமும் தனித்துச் செய்ய இயலாது. ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு மேசையும், படித்த இளைஞர் இருவரும், ஒரு பதிவேடும் ஒதுக்கினால் போதும். மஹல்லாவில் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுவோர் யாவர், அவர் எங்கே சேர்ந்தனர், சேராதோர் ஏன் சேரவில்லை என்று அப்பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். சேராதோர் பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தால், அவள் வீட்டுக்கு மூத்த பெண்மணி ஒருவர் சென்று பேச வேண்டும். ஜும்ஆ முடிந்தபின் ஐந்து நிமிடம் உதவித்தொகை அறிவிப்பைப் படித்துக் காட்டினால், ஒரே நாளில் ஊர் முழுதும் செய்தி பரவிவிடும்.

பணத்துக்கும் வழியுண்டு. சிங்கப்பூரில் 1982இல் முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கென மெண்டாக்கி என்னும் அமைப்பு தோன்றியது. அங்குள்ள முஸ்லிம் தொழிலாளரின் மாதச் சம்பளத்திலிருந்து சிறு தொகை அதற்குச் சேர்கிறது. நம் உறவினர் பலர் அந்நாட்டில் அதற்குப் பணம் செலுத்தி வருகின்றனர். வள்ளல் ஒருவர் வருவார் என்று காத்திராமல், கூலித் தொழிலாளியும் தன் பங்கைச் செலுத்தும் முறை அது. நம் ஊர்களிலும் இது இயலாததன்று. அத்துடன் ஒரு நெறியையும் சேர்த்துக்கொள்ளலாம்: உதவி பெற்றுப் படித்து வேலைக்குச் சென்றவர், தமக்குப் பின் வரும் ஒரு மாணவரின் செலவை ஏற்க வேண்டும். அப்போது உதவித்தொகை ஊருக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சுழன்று வரும்.

திண்டிவனத்தில் ஒரு காலத்தில் கதவு மூன்று முறை தட்டப்பட்டபோது, உள்ளே இருந்த பெண்ணுக்கு மருத்துவம் தெரியாது. வெளியே நின்ற ஆடவர்க்கு வேறு வழி தெரியாது. இரு பக்கத்து அறியாமைக்கும் மூன்று உயிர்கள் பலியாயின. இன்று அவ்வூருக்கும் விழுப்புரத்துக்கும் இடையே சாலையோரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி நிற்கிறது. அதைக் கடந்து நாள்தோறும் எத்தனையோ பேருந்துகளில் நம் குடும்பங்கள் சென்று வருகின்றன. அடுத்த முறை அவ்வழியே செல்லும் பெற்றோர், உடனிருக்கும் மகளுக்கு அக்கட்டடத்தைச் சுட்டிக் காட்டுவாராக. பெயர் தெரியாமல் மறைந்த அந்தச் சகோதரிக்கு நாம் செலுத்த வேண்டிய கடன், அங்கிருந்து தொடங்கட்டும்.